டேனிஷிலும் நோர்வீஜியனிலும் 'இது', 'அது': சுட்டுச்சொற்களும் பாலும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோர்வேயில் இருந்துகொண்டு, புதிதாக வருகிற உறவினருக்கும் தெரிந்தவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மொழி சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். டென்மார்க்கில் இருக்கும் மச்சாளும் தன் பங்குக்குத் தொலைபேசியில் கேள்விகளை அனுப்புவாள். சுட்டுச்சொற்கள் பற்றி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். அந்த மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் ஒலி முழுவதும் வராது. பெரும்பாலும் எழுத்தைப் பின்பற்றித்தான் எழுதுகிறேன். பேச்சில் மாறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்தச் சொற்கள் எவை?

நோர்வீஜியனில் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட டென்னெ, டெட்டெ, டிஸ்ஸெ. தள்ளி இருப்பதைச் சுட்ட டென், டெட், டி. ஒவ்வொரு மூன்றிலும் முதல் இரண்டு ஒருமை, மூன்றாவது பன்மை. 'டெட்' என்று எழுதினாலும் பேச்சில் கடைசி மெய் விழுந்து 'டே' என்றுதான் கேட்கும்.

டேனிஷிலும் எழுத்தில் இதே ஆறு சொற்கள்தான். ஆனால் டேனிஷ்காரர் பேசும்போது டென்னெயும் டெட்டெயும் அரிது. அவை கடிதத்துக்கும் செய்தித்தாளுக்கும் உரியவை. பேச்சில் 'இங்கே', 'அங்கே' என்ற சொற்களைச் சேர்த்துக்கொள்வார்கள்: டென் ஹேர், டெட் ஹேர், டி ஹேர் என்றால் இது, இவை, டென் டேர், டெட் டேர், டி டேர் என்றால் அது, அவை. பாடநூலை மட்டும் படித்துவிட்டு கோபன்ஹேகன் கடையில் 'டென்னெ' என்று தொடங்கினால், சந்தையில் செந்தமிழ் பேசியது போலிருக்கும். பிழையில்லை, எல்லோருக்கும் புரியும். ஆனாலும் பேச்சின் சூடு இல்லை.

தமிழில் 'இந்த' மாறுவதே இல்லை. அங்கே மட்டும் ஏன் மாறுகிறது?

எல்லாக் கேள்விகளுக்கும் வேர் இதுதான். இதில் கொஞ்சம் நின்று போவோம்.

இந்த வீடு, இந்தப் பெண், இந்த மாடுகள், இந்தத் தண்ணீர். பெயர்ச்சொல் எதுவானாலும் 'இந்த' அப்படியே நிற்கும். நம் சுட்டில் பால் தெரிவது, அது தனியாக நிற்கும்போதுதான்: இவன், இவள், இவர், இது, இவை. அப்புறம் வினைமுற்றில் தெரியும்: வந்தான், வந்தாள், வந்தது.

டேனிஷும் நோர்வீஜியனும் இதற்கு நேர்மாறு. அவற்றின் வினைச்சொல்லில் பால் கிடையாது, ஒருமை பன்மைகூடக் கிடையாது. வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் 'இந்த' மாறும். கார் என்றால் டென்னெ, வீடு என்றால் டெட்டெ. காரும் வீடும் நமக்கு அஃறிணை ஒருமை. அவர்களுக்கு வேறு வேறு பால்.

ஆகவே கைநீட்டிச் சுட்டுவதற்கு முன்பே, சுட்டப்போகும் பொருளின் பெயர் எந்தப் பால் என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்க் காதுக்கு இது புதிய சுமை. நமக்குச் சுட்டு என்பது விரலின் வேலை. அவர்களுக்கு அது அகராதியின் வேலையும்கூட.

எத்தனை பால்? என்ன பெயர்?

டேனிஷில் இரண்டு. ஒன்று பொதுப்பால்: பழைய ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றாகக் கலந்தது. மற்றது இவ்விரண்டும் அல்லாத பால். அதன் டேனிஷ் பெயருக்குப் பொருளே 'எதுவுமற்ற பால்' என்பதுதான். டென்மார்க் வகுப்பறைகளில் இவற்றை எளிமையாக ன்-சொல், ட்-சொல் என்பார்கள். 'ஒரு' என்பதற்கான சொல் ஒன்றில் 'என்' என்றும் மற்றதில் 'எட்' என்றும் முடிவதால் வந்த பெயர். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். டேனிஷ் பெயர்ச்சொற்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ன்-சொற்கள்.

நோர்வீஜியனில் மூன்று: ஆண்பால், பெண்பால், ட்-பால். அதில் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது, கீழே வருகிறது.

பொருளைப் பார்த்துப் பாலைச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியாது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்ற பிரிப்பில்தான். நமக்கு இலக்கணப் பால் பொருளோடு ஒட்டியது. அங்கே அப்படியில்லை. நாற்காலி ன்-சொல், மேசை ட்-சொல். கோப்பை ன்-சொல், கண்ணாடிக் குவளை ட்-சொல். காரணம் கேட்டால், அப்படித்தான் வந்திருக்கிறது என்பதே விடை.

மனிதரைக் குறிக்கும் சொற்களிலும் இதே கதை. டேனிஷில் ஆணும் பெண்ணும் ஒரே ன்-பால். ஆனால் 'மென்னெஸ்கெ', அதாவது மனிதப் பிறவி, ட்-சொல். 'பார்ன்', அதாவது குழந்தை, அதுவும் ட்-சொல். இந்த இரண்டாவது நமக்குப் புதிதல்ல: "குழந்தை அழுகிறது" என்று நாமும் அஃறிணை முடிவுதானே தருகிறோம்? நான் சொல்லிக்கொடுக்கும்போது இந்த ஒப்புமையைச் சொன்னதும் 'பார்ன்' யாருக்கும் மறப்பதில்லை.

நோர்வீஜியனில் மூன்று பால் என்றால், 'இந்த' என்பதற்கும் மூன்று சொற்களா?

இல்லை. தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் சுட்டு ஒன்றே. டென்னெ பீலென் (இந்தக் கார், ஆண்பால்), டென்னெ பூக்கா (இந்தப் புத்தகம், பெண்பால்), டெட்டெ ஹூஸெட் (இந்த வீடு, ட்-பால்). பன்மையில் எல்லாம் கரைந்து டிஸ்ஸெ, டி என்று ஒன்றாகிவிடும்.

ஆக, சுட்டும் நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இது ட்-சொல்லா, இல்லையா? இலக்கண நூல்கள் ஒன்பது கட்டம், பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையோடு வந்து மிரட்டும். சுட்டுச்சொல்லுக்கு அவ்வளவும் வேண்டாம்.

முற்காலத்தில் அப்படி இருக்கவில்லை. இவற்றின் தாயான பழைய நோர்ஸ் மொழியில் 'அந்த' என்பதற்கு ஆண்பாலில் ஸா, பெண்பாலில் ஸூ, மூன்றாவதில் தத் என்று மூன்று தனி வடிவங்கள். ஐஸ்லாந்து மொழி இன்றும் மூன்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ட்-சொல்லை நினைவில் வைக்க வழி உண்டா?

எட், டெட், டெட்டெ, மிட் (என்னுடைய), டிட் (உன்னுடைய), ஸ்டோர்ட் (பெரிய), ஹூஸெட் (அந்தக் குறிப்பிட்ட வீடு). எல்லாவற்றிலும் ஒரு ட் ஓடுவதைப் பாருங்கள். பேச்சில் சில இடங்களில் அது கேட்காது: நோர்வீஜியனில் 'ஹூஸெ' என்று நின்றுவிடும், டேனிஷில் 'ஹூஸெத்' என மெல்லிய ஒலியாகிவிடும். எழுத்தில் எங்கும் இருக்கும். நம் அஃறிணை ஒருமை விகுதியை நினைத்துக்கொள்ளுங்கள்: அது, இது, எது, வந்தது, பெரியது. அங்கே 'ட்' செய்வதும் நம் 'து' செய்வது போன்ற வேலைதான்.

இரண்டுக்கும் உறவில்லை, தற்செயல்தான்; நினைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையான உறவுள்ள ஒரு சொல் நம் கையருகே இருக்கிறது. 'டெட்' என்பதும் சமஸ்கிருதத்தின் 'தத்' என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலச்சொல்லிலிருந்து வந்தவை. 'தத்துவம்' என்று நாம் தினமும் சொல்லும் சொல்லின் முதல் பாதி அந்தத் தத்தான்; 'அது-தன்மை' என்பது அதன் நேர்ப்பொருள். ஒஸ்லோவில் ஒரு பிள்ளை விரலை நீட்டி 'டே' என்கிறபோது அதே பழைய சொல்தான் ஒலிக்கிறது. எனக்கு இது இன்னும் வியப்பு தீராத விஷயம்.

என் மனைவியை அறிமுகப்படுத்தும்போது 'டென்' வருமா, 'டெட்' வருமா?

டெட். "டெட் ஆர் மின் கூனெ" என்றால் 'இது என் மனைவி'. மனைவி ன்-சொல்லாக இருந்தாலும், ஒருவரை முதன்முதலாகக் காட்டும்போது ட்-வடிவமே வரும். டெட்டெ என்றும் சொல்லலாம். டேனிஷ் பேச்சில் "டெட் ஹேர் எர்" என்று தொடங்கும். பலரைக் காட்டினாலும் இதே ஒருமைதான்.

நாம் செய்வதும் இதுதானே? "இது என் அண்ணன்", "இது எங்கட மாமி" என்று இயல்பாகச் சொல்கிறோம். கதவு தட்டினால் "யார் அது?" என்கிறோம், அவர்கள் "வெம் ஆர் டெட்?" என்கிறார்கள். யாரென்று இன்னும் நிலைபெறாத ஆளை அஃறிணையால் தொடுவது இரு பக்கமும் ஒன்று. அறிமுகம் முடிந்ததும் அவன், அவள் வந்துவிடும்.

கடையில் பொருளின் பெயரே தெரியாமல் சுட்டுவது எப்படி?

மச்சாளின் கேள்வி இது. ஜட்லண்டில் ஒரு வெதுப்பகத்தில் காலை நேரம், பின்னால் வரிசை. கண்ணாடிக்குள் இரண்டு விதமான சிறு ரொட்டிகள் அடுக்கியிருக்கின்றன. ஒன்று மேலே கசகசா தூவி மொறுமொறுப்பாக இருப்பது: ருன்ஸ்டிக்கெ, ட்-சொல். மற்றது மெதுவான உருண்டை: பொல்லெ, ன்-சொல். இவள் கசகசா போட்டதைக் காட்டி "டென் டேர்" என்றிருக்கிறாள். விற்கிற பெண் பொல்லெயை எடுத்துப் பையில் போட்டுவிட்டாள். விரல் ஒன்றைக் காட்டியது, பால் பக்கத்தில் இருந்த மற்றதைக் காட்டியது. அந்தப் பெண் காதை நம்பினாள். மச்சாள் பொல்லெயோடு வீட்டுக்கு வந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

பெயரே தெரியாவிட்டால் 'டெட் டேர்' என்று சொல்லுங்கள். பெயர் இன்னதென்று தெரியாத எதற்கும் ட்-வடிவம் பொதுவாக நிற்கும். அல்லது இரண்டு மூன்றாக வாங்குங்கள். பன்மையில் 'டி டேர்' என்றால் பால் தொல்லையே இல்லை. மச்சாள் இப்போது அப்படித்தான் வாங்குகிறாள்.

'டென்னெ பீல்' சரியா, 'டென்னெ பீலென்' சரியா?

முன்னது டேனிஷ், பின்னது நோர்வீஜியன். இரண்டு மொழியும் படிக்கிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

இந்த மொழிகளில் 'அந்தக் குறிப்பிட்ட' என்ற பொருள், பெயர்ச்சொல்லின் வாலாக ஒட்டும்: பீல், பீலென், ஹூஸ், ஹூஸெட். வேற்றுமை உருபைப் பின்னால் ஒட்டிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே வரும். கேள்வி என்னவென்றால், முன்னால் ஒரு சுட்டு வந்தபின்னும் வால் வேண்டுமா?

வேண்டாம் என்கிறது டேனிஷ். முன்னால் சொன்னதே போதும்: டென்னெ பீல், டெட்டெ ஹூஸ், டிஸ்ஸெ பீலெர். முன்னால் பெயரடை வந்தாலும் அப்படியே: டெட் ஸ்டோரெ ஹூஸ், அந்தப் பெரிய வீடு.

நோர்வீஜியன் இரண்டு முறை சொல்லும்: டென்னெ பீலென், டெட்டெ ஹூஸெட், டெட் ஸ்டோரெ ஹூஸெட். முன்னால் ஒரு குறிப்பு, பின்னால் ஒரு குறிப்பு. இலக்கணக்காரர் இதை இரட்டைக் குறிப்பு என்பார்கள். சுவீடன் மொழி இடையில் நிற்கிறது. பேச்சு வழக்கின் 'டென் ஹார்' வந்தால் வால் உண்டு. நூல் வழக்கின் 'டென்னா' வந்தால் பொதுவாக வால் இல்லை.

நோர்வீஜியனிலும் வாலை வெட்டும் இடங்கள் உண்டு. தெருவில் ஒரு வெள்ளை வீட்டைக் காட்டினால் "டெட் வீட்டெ ஹூஸெட்". அதையே "டெட் வீட்டெ ஹூஸ்" என்று வாலில்லாமல் சொன்னால் கேட்பவர் மனதில் வருவது வாஷிங்டன், அமெரிக்க அதிபரின் மாளிகை! ஒரு சிறு ஒட்டுக்குள் இவ்வளவு தூரம். நிறுவனப் பெயர்களிலும் பழைய உயர்நடையிலும் இந்த வாலில்லாத வடிவம் நிலைத்துவிட்டது. 1814 வரை நோர்வே டென்மார்க்கோடு ஒரே அரசின் கீழ் இருந்தது, எழுதியதும் டேனிஷ்தான். அந்தக் காலத்தின் சாயல் இது.

'டென்' என்பது 'அந்த'வா, வெறும் குறிப்புச் சொல்லா? இரண்டாகவும் வருகிறதே?

இரண்டும்தான், அழுத்தம்தான் பிரிக்கும். டேனிஷில் "டென் ரோடெ பீல்" என்று 'டென்'னை மெதுவாகச் சொன்னால் 'ஏற்கெனவே பேசிய சிவப்புக் கார்' என்று பொருள். 'டென்'னில் அழுத்தினால் 'அதோ அந்தச் சிவப்புக் கார்'. எழுத்தில் குழப்பம் வரும் என்று தோன்றினால் டேனிஷில் அதன் உயிரெழுத்தின்மேல் ஒரு சிறு கோடு இடலாம். பேச்சில் 'ஹேர்', 'டேர்' சேர்ந்துவிட்டால் குழப்பமே இல்லை. அந்த ஒட்டுச்சொற்கள் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நோர்வீஜியனில் பெண்பால் கட்டாயமா? ஒருவர் 'பூக்கா' என்கிறார், இன்னொருவர் 'பூக்கென்' என்கிறார்.

நோர்வேக்கு இரண்டு எழுத்து வழக்குகள். டேனிஷிலிருந்து படிப்படியாக நோர்வேப்படுத்தப்பட்டது பூக்மோல். ஈவார் ஓசென் 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்து கிராமப் பேச்சுகளைத் திரட்டி அமைத்த வழக்கிலிருந்து வந்தது நீநொர்ஸ்க். இரண்டுக்கும் இன்றைய பெயர்கள் 1929இல் வந்தவை. நீநொர்ஸ்கில் பெண்பால் கட்டாயம். பூக்மோலில் விருப்பம்.

இந்த விருப்பத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. 1917ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் '-ஆ' என்ற பெண்பால் வாலுக்கு இடம் கொடுத்தது. 1938ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பல சொற்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இரண்டு வழக்குகளையும் மெல்ல ஒன்றாக்கிவிடலாம் என்பது அரசின் எண்ணம். ஒஸ்லோவின் மேற்குப் பகுதி வீடுகளில் இதற்குக் கடும் எதிர்ப்பு. அவர்கள் காதுக்கு '-ஆ' நாட்டுப்புறமாகவும் தொழிலாளர் பேச்சாகவும் கேட்டது. 1950களின் தொடக்கத்தில் பெற்றோர்கள் இயக்கமாகத் திரண்டு, பிள்ளைகளின் பாடநூல்களில் இருந்த அந்த வடிவங்களைப் பேனாவால் அடித்துத் திருத்தினார்கள். 1981இல் விதி தளர்ந்து, பழைய '-என்' வடிவங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன.

ஒரு பெயர்ச்சொல்லின் வாலுக்காக நாடே இரண்டுபட்டது சிலருக்கு விந்தையாக இருக்கலாம். ஐகார எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றி நம் வீடுகளில் நடந்த வாதங்களைக் கேட்டவர்களுக்கு இருக்காது.

நடைமுறையில், பெண் (யென்டா), பசு (கூஆ), மலைக்குடில் (ஹீட்டா) போன்ற சொற்களில் ஏறக்குறைய எல்லோரும் '-ஆ' சொல்வார்கள். புத்தகம் போன்றவற்றில் இரண்டும் கேட்கும். எதைத் தேர்ந்தாலும் சுட்டு மாறாது: டென்னெ பூக்கா, டென்னெ பூக்கென், இரண்டிலும் டென்னெதான்.

பெண்பால் அழிந்துவருகிறது என்கிறார்களே, உண்மையா?

'ஒரு' என்ற சொல்லைப் பொறுத்தவரை நகரங்களில் ஆம். யூலியா ரோடினாவும் மாரித் வெஸ்டர்கார்டும் வட நோர்வேயின் ட்ரொம்ஸோவில் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டதில், பெரியவர்கள் 'ஐ பூக்' என்று பெண்பால் 'ஒரு' சொல்லும் இடத்தில் பிள்ளைகள் ஆண்பால் 'என்' சொல்வதைக் கண்டார்கள். ஆனால் அதே பிள்ளைகள் வாலை மட்டும் விடவில்லை. 'பூக்கா' என்றே சொன்னார்கள். தலை போய் வால் நிற்கிறது.

மேற்குக் கரையில் பெர்கன் நகரம் இதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே பெண்பாலை விட்டுவிட்டது. ஹான்சா என்ற வட ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பின் வணிகர்கள் நூற்றாண்டுக்கணக்கில் அங்கே தங்கி வியாபாரம் செய்தார்கள். அவர்கள் பேசிய 'கீழ் ஜெர்மன்' என்ற மொழியோடு கலந்து பழகியதே காரணம் என்பது பரவலான கருத்து. பெர்கன்காரர் 'யென்டென்' என்றே சொல்வார், அதில் பெருமையும் கொள்வார்.

நீநொர்ஸ்கில் புத்தகத்தை 'அவள்' என்பார்களாமே?

ஆம். "புத்தகம் எங்கே?" என்று கேட்டால் "அவள் மேசையில் இருக்கிறாள்" என்பது போன்ற விடை வரும். ஆண்பால் பொருளுக்கு 'அவன்'. பூக்மோலில் இதற்கு 'டென்' போதும். நீநொர்ஸ்கிலும் பெயர்ச்சொல்லின் முன் நிற்கும் சுட்டில் 'அவன்', 'அவள்' பிரிவு இல்லை, அங்கே டென்னெதான்.

டென்மார்க் முழுவதும் ஒரே மாதிரியா?

இல்லை. போர்ன்ஹோல்ம் தீவின் பழைய பேச்சில் மூன்று பாலும் நிலைத்திருந்தன. மேற்கு ஜட்லண்டின் பழைய பேச்சு மறுகோடி. அங்கே குறிப்பு வால் கிடையாது. 'எ' என்ற ஒரு சொல் பெயருக்கு முன்னால் வரும். இலக்கணப் பாலும் கிடையாது. ஆனால் சுட்டில் டென், டெட் இரண்டும் இருக்கும், வேறு வேலைக்கு: எண்ணக்கூடியதற்கு டென், எண்ண முடியாததற்கு டெட். பொது டேனிஷில் மரமும் மரக்கட்டையும் ஒரே ட்-சொல். மேற்கு ஜட்லண்டிலோ நிற்கிற மரம் டென், அறுத்த மரம் டெட்!

பால் இருந்த இடத்தில் பொருள் வந்து உட்கார்ந்துவிட்டது. பொருளை வைத்தே பால் பிரித்துப் பழகிய தமிழருக்கு, டேனிஷ் பேச்சுகளிலேயே மனதுக்கு மிக நெருங்கியது இதுதான் என்பேன்.

பொது டேனிஷிலும் இந்தப் போக்கு எட்டிப்பார்க்கிறது. குடிக்கிற பால் ஒரு ன்-சொல். ஆனாலும் 'கொஞ்சம் பால்' என்னும்போது 'நோயெத் மெல்க்' என்று ட்-வடிவமே வரும். நோர்வீஜியனில் "அப்பம் நல்லது" என்று பொதுவாகச் சொல்லும்போது, அப்பம் ன்-சொல்லாகவும் பன்மையாகவும் இருந்தும், 'நல்லது' மட்டும் ட்-ஒருமையில் நிற்கும்: பன்னெகாகெர் ஆர் கொட். அந்தந்த அப்பத்தைச் சொல்லவில்லை, அப்பம் என்கிற விஷயத்தைச் சொல்கிறோம் என்பதே அதன் பொருள்.

பால் மாறினால் பொருளே மாறுமா?

சில சொற்களில் மாறும். 'ஃப்யூர்' ன்-சொல்லானால் ஒரு ஆள், ட்-சொல்லானால் கலங்கரை விளக்கம். இது இரண்டு மொழியிலும். டேனிஷில் 'ஃப்ரோ' ன்-சொல்லானால் தவளை, ட்-சொல்லானால் விதை. பியருக்கான சொல்லில் இன்னும் நுட்பம்: ஒரு போத்தல் என்றால் ன், பானம் என்ற பொருளில் ட். இந்த இடங்களில் சுட்டு ஒன்றே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஹுன் டாமா" என்று கேட்டேன். 'அவள் பெண்மணி' என்று ஏன் சொல்கிறார்கள்?

அது பாடநூலில் அரிதாகவே வரும், பேருந்தில் தினமும் கேட்கும். ஹுன் என்றால் அவள், ஹன் என்றால் அவன். இவற்றைப் பெயருக்கு முன்னால் சுட்டாக வைப்பார்கள்: ஹுன் டாமா, ஹன் மன்னென். ஒஸ்லோ பல்கலைக்கழக மொழியியலாளர் யான்னெ பொண்டி யோஹானெஸ்ஸென் இதை ஆராய்ந்து, 'மனத்தொலைவுச் சுட்டு' என்ற பொருளில் பெயரிட்டார். பேசுகிறவருக்கோ கேட்கிறவருக்கோ அந்த ஆளோடு நேர்ப் பழக்கமில்லை என்பதை அது காட்டும். ஆள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம், தூரம் மனதில். "அந்தாள்", "அந்தப் பொம்பிளை" என்று நாம் சொல்லும்போது வருகிற அதே விலகல். டேனிஷிலும் உண்டு, அங்கே 'அவனை', 'அவளை' என்ற செயப்படுபொருள் வடிவங்களைச் சுட்டாக்குவார்கள். டென், டெட் காட்டாத ஆண், பெண் வேறுபாடு சுட்டில் தெரியும் இடம் இது ஒன்றுதான்.

கவனமாகக் கேட்டுப் பழகிய பிறகே பயன்படுத்துங்கள். உடன் வேலை செய்கிறவரை அவர் காதுபட இப்படிச் சொன்னால் மனம் நோகும்.

நம் 'உது'வுக்கு ஈடாக ஏதாவது உண்டா?

யாழ்ப்பாணத்தில் இன்றும் இது, அது, உது என்று மூன்று சுட்டு. உன் பக்கத்தில் இருப்பது உது. டேனிஷுக்கும் நோர்வீஜியனுக்கும் அப்படி ஒன்று இல்லை. ஹின், ஹின்ட், ஹினெ என்ற பழைய மூன்றாவது வரிசை ஒன்று இருந்தது. அது 'அப்பாலுள்ளது' என்ற பொருளுக்கு உரியது. இப்போது பழைய நூல்களிலும் சில நிலைத்த தொடர்களிலும் மட்டும். டேனிஷில் 'ஒருவரையொருவர்' என்பதற்கான 'ஹினானென்' என்ற சொல்லுக்குள் அது ஒளிந்திருக்கிறது.

எப்படிப் படித்தால் நிற்கும்?

சொல்லை மட்டும் எழுதிவைக்காதீர்கள், சுட்டோடு எழுதுங்கள். வீட்டுப் பொருள்களில் சீட்டு ஒட்டுகிறவர்கள் 'ஸ்டூல்' என்று ஒட்டாமல் 'டென்னெ ஸ்டூலென்' என்று ஒட்டட்டும். டேனிஷ் படிப்பவர் 'டென் ஹேர் ஸ்டோல்' என்று ஒட்டட்டும். நாற்காலியை நகர்த்தும்போதெல்லாம் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பால் மனப்பாடத்தில் தங்குவதைவிட நாக்கில் நன்றாகத் தங்கும்.

கூட்டுச்சொல்லுக்குக் கடைசிச் சொல்லின் பாலே வரும். வீடு ட்-சொல் என்று தெரிந்தால், 'நோயாளி வீடு' என்று அமைந்த மருத்துவமனைக்கான சொல்லும் ட். புத்தகம் ன்-சொல் என்றால் அகராதியும் ன். '-யூம்' என்று முடிவதும், வெதுப்பகத்தின் 'பேயெரி' போல '-ரி' என்று முடிவதும் வழக்கமாக ட்-சொற்கள். '-ஷூன்' என்று முடியும் கடன்சொற்கள் ன். புதிதாக வந்தவை பெரும்பாலும் ன் பக்கம் போகும். ஆப், மெயில் இரண்டும் ன்-சொற்கள்தான்.

பெயர் தெரிந்து, அதன் பால் மட்டும் தெரியாத சொல்லைச் சொல்ல நேர்ந்தால் ன் என்று சொல்லிவிடுங்கள். நான்கில் மூன்று முறை சரியாகும். பிழைத்தாலும் பேச்சு நின்றுபோகாது. எதிரில் இருப்பவர் தன் விடையில் அந்தச் சொல்லைச் சரியான சுட்டோடு திருப்பிச் சொல்வார். நீங்கள் "டென் பூர்" என்றால், "ஆமாம், டெட் பூரெட்" என்று அவர் சொல்வது திருத்துவதாகக்கூடத் தெரியாது. அந்த ட்-டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இனி மறக்காது.